எங்கே இருந்தீங்க, யாரோட சாப்பிட்டீங்க: சிங்கப்பூரில் ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை, ஈசூன்

திருச்சியில் ராத்திரி ஏறினேன், விடியற்காலை சாங்கியில் இறங்கினேன். தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பத்து வருஷமாகக் கூப்பிடுகிறாள், இப்போதுதான் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு கிடைத்தது. நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். காய்ச்சல் வந்த வீட்டுக்கும் வயிற்றுப்போக்கு வந்த தெருவுக்கும் போய் யாருக்கு, எப்போது, எங்கிருந்து என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. இந்த ஊரில் கிருமிகளைத் தேடிப் பிடித்த கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். அந்த இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும், சுற்றுலா இடமெல்லாம் அப்புறம் என்று முன்னாலேயே தங்கச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

தேடிப்போக அவசியமே இல்லாமல், ஈசூனில் தங்கச்சி குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே முதல் இடம் கிடைத்தது. மாடிப்படி ஓரம் ஒரு மஞ்சள் பதாகை: இது டெங்கிக் குழுமம். 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு டெங்கி வந்துவிட்டால் இங்கே அதைக் குழுமம் என்று அறிவித்துப் பதாகை கட்டிவிடுகிறார்கள். பத்து பேரைத் தொட்டுவிட்டால் மஞ்சள் சிவப்பாகும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். 2020-இல் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. இவ்வளவு சுத்தமான ஊரில் எப்படி என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். பூந்தொட்டித் தட்டில் ஒரு பாட்டில் மூடியளவு நல்ல தண்ணீர் நின்றால் போதும். வெளியே துணி காயப்போட மூங்கில் கழி செருகும் குழாய்கள் பழைய புளோக்குகளில் உண்டு, மழைக்கு அதில் தண்ணீர் நின்றுவிடும். தங்கச்சி வீட்டுக் குழாய்களுக்கு மூடி போட்டிருந்தாள். பார்த்ததும் மனசு நிறைந்தது.

மாடி நடைபாதையில் ஒரு கறுப்பு டப்பா இருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், உட்சுவரில் பசை. முட்டை போட இடம் தேடி வரும் பெண் கொசு அந்த வாசனைக்கு இறங்கி ஒட்டிக்கொள்ளும். பசையில் இரண்டு இருந்தன, காலில் வெள்ளை வளையத்தோடு. இப்படி ஆயிரக்கணக்கான டப்பாக்களை எண்ணி, எந்த புளோக்கில் கொசு கூடுகிறது என்று காய்ச்சல் வருமுன்னே கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். கூட வந்த மருமகள், "மாமா, அதத் தொடாதீங்க, அவங்க வந்து எண்ணுவாங்க" என்றாள்.

டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் 2017 நினைவுக்கு வந்தது. எங்கள் பகுதியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டெங்கி. நோயாளிகளைப் பதியும் லைன் லிஸ்ட்டில் வீட்டு முகவரியை எழுதினேன், அந்த வீட்டைச் சுற்றி நாலு தெருவுக்குக் கொசு ஒழிப்பு மஸ்தூர்களை அனுப்பினேன், தொட்டி தொட்டியாகக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினோம். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள், வேறு வேறு தெருக்களில். மூன்றாவது பிள்ளையின் அம்மாவிடம்தான் கேட்டேன்: "சாயங்காலம் பாப்பா எங்கே இருக்கும்?" டியூஷன். மூன்று பேருக்கும் ஒரே டியூஷன் வீடு. கொல்லையில் யாரும் புழங்காத ஆட்டுக்கல், குழியில் மழைத்தண்ணீர், தண்ணீர் முழுக்கப் புழு. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் பையன் ராத்திரி தூங்குகிற இடத்தைத்தான் எழுதினேன். அந்தப் பாப்பா பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தாள். அதிலிருந்து என் நோட்டில் முகவரிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: பகலில் எங்கே.

இரண்டாம் நாள், ஞாயிறு, லிட்டில் இந்தியா

சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை நடப்பது நம்மூர்த் தேர்த் திருவிழாவில் நடப்பது போல. வாரம் முழுக்க உழைத்த பிள்ளைகள் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தெருவோரம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பேச்சு, புதுக்கோட்டைப் பேச்சு, இடையில் வங்காளம்.

நான் முதலில் தேடியது கிளைவ் ஸ்திரீட். டன்லப் ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் சின்னத் தெரு, பழைய கடைவீடுகள், ஐந்து நிமிஷத்தில் நடந்துவிடலாம். 2008 ஜனவரியில் சிங்கப்பூரில் முதல்முறையாக உள்ளூரிலேயே சிக்குன்குனியா பரவியது இந்தத் தெருவில்தான். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கே கண்டிருந்தது. வெளியூர் எங்கும் போகாத ஒருவருக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்ததைக் கவனித்துச் சுகாதார அமைச்சுக்குச் சொன்னவர் சாதாரண கிளினிக் டாக்டர் ஒருவர். உடனே சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக, கடை கடையாக ரத்தம் எடுத்தார்கள், கொசு முட்டை தேடினார்கள். மொத்தம் 13 பேர். கிருமி கண்டவர்களை மருத்துவமனையில் தனியே வைத்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாத நோய்க்கு ஏன் தனிமை என்று கேட்கலாம். ரத்தத்தில் கிருமி ஓடுகிற அந்தச் சில நாள் கொசு அவரைக் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பதிமூன்றோடு அந்தத் தெருவில் நின்றது.

அப்புறம் அங்கேயே தேக்கா சந்தையில் டீ. மாப்பிள்ளையின் ஊர்க்காரத் தம்பி ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை, சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை சொன்னதும், "அண்ணே, அந்த 2020 கொரோனா கதைய நான் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் இருந்த விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். ஒரே சமையல்கூடம், ஒரே வரிசைக் குளியலறை. ஏப்ரலில் தொண்டை வலி, அப்புறம் காய்ச்சல். பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்றார்கள். மறுநாள் போன். ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டார்: கடந்த பதினாலு நாளில் யாரோடு சாப்பிட்டீர்கள்? தனியாகத்தான் என்று சொல்லிவிட்டார்.

"பொய்ண்ணே. பக்கத்து புளோக்குல எங்க ஊருக்காரர் ஒருத்தர். தினமும் ராத்திரி அவரோடதான் சோறாக்கிச் சாப்பிடுவோம். ஏஜெண்டுக்கு மூணு லட்சம் கட்டிட்டு வந்து ஆறு மாசந்தான் ஆச்சு. நான் பேரச் சொன்னா அவர ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன்."

அடுத்த நாள் மறுபடி போன். இந்தத் தடவை ஓர் அம்மா, தமிழில். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். ரசம் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அப்புறம் சொன்னாராம்: "தம்பி, யாரையும் ஊருக்கு அனுப்ப நான் கேக்கல. உங்க கூடச் சாப்பிட்டவருக்கும் உடம்பு முடியாமப் போயிடக் கூடாதுன்னு கேக்கறேன். காசு எதுவும் கட்ட வேண்டாம்." அப்போதுதான் இவர் பெயரைச் சொன்னார். அந்த ஊர்க்காரருக்கு நாற்பத்தாறு வயது, சர்க்கரை வேறு. போய்ப் பார்த்தபோது அவருக்கு மூச்சுத் திணறல் எதுவும் தெரியவில்லை, ஆனால் ஆக்சிஜன் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து திரும்பி வந்தார்.

தம்பி பையைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். விடுதியில் கொடுத்தது. பேட்டரி போய்விட்டது, ஓரத்தில் பெயிண்ட் கறை, கவ்வும் இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறது. "தூக்கிப் போட மனசு வரலண்ணே."

அந்த வருஷக் கடைசியில் வந்த கணக்கு எனக்கு மனப்பாடம். விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி வந்து போயிருந்தது. மூக்கில் குச்சி விட்டுக் கண்டுபிடித்தது 54,500 பேர். மற்ற 98,000 சொச்சம் பேர் பின்னால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துத்தான் தெரிந்தார்கள். அதாவது ஒருவரைக் கண்டுபிடித்தபோது கிட்டத்தட்ட இரண்டு பேர் தெரியாமல் கடந்துபோயிருக்கிறார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், அறிகுறியே இல்லை. பன்னிரண்டு பேர் மூச்சு விடும் அறையில் ஒவ்வொருவராகத் தடம் பிடிப்பது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அறையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் போன் அந்த நிலையிலும் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பத்தான் சொல்லித்தருகிறேன். சாப்பிட்டீங்களா என்று முதலில் கேட்கச் சொல்லித்தந்ததில்லை.

மூன்றாம் நாள், திங்கள், நொவீனா

பக்கத்து வீட்டு அக்கா ஓய்வு பெற்ற தாதி. "நானும் வர்றேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார். நொவீனா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் டான் டோக் செங் மருத்துவமனை, அதை ஒட்டித் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையம். 330 படுக்கை, 2019 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். நாலே மாதத்தில், 2020 ஜனவரி 23-ஆம் தேதி, சிங்கப்பூரின் முதல் கொவிட் நோயாளி. அந்த நிலையத்தை முன்கூட்டியே கட்டவைத்தது 2003-இல் வந்த சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று.

அக்கா அப்போது வார்டில் வேலை பார்த்தவர். ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் தங்கிவிட்டு வந்த இளம்பெண் மார்ச் முதல் தேதி நிமோனியா என்று இங்கே சேர்ந்தார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது, பெயரே இல்லை. பார்த்த தாதிகளுக்குக் காய்ச்சல், பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குக் காய்ச்சல். மார்ச் 22-ஆம் தேதி இந்த மருத்துவமனையைச் சார்ஸுக்கென்றே ஒதுக்கினார்கள். மொத்தம் 238 பேருக்கு வந்தது, 33 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் மருத்துவப் பணியாளர்கள். "வீட்டுக்குப் போனா பையன் கிட்ட வர நான் விட மாட்டேன். கதவுக்கு வெளிய நின்னு பேசுவான்" என்றார் அக்கா. அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் ஒருவருக்கு சார்ஸ் என்றதும் சந்தையையே மூடினார்கள். ஊருக்கெல்லாம் காய்கறி போகிற இடம். மூடியவர்களின் துணிச்சலை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வாரச் சந்தையை அரை நாள் நிறுத்தினாலே எத்தனை போன் வரும் என்று எனக்குத் தெரியும். மே 31-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

சார்ஸில் காய்ச்சல் வந்தபிறகே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது, அதுவும் நோய் முற்றும்போதுதான் அதிகம். அதனால் வெப்பமானி வேலை செய்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கொவிட் அப்படியில்லை என்று காட்டிய ஆரம்ப ஆதாரங்களில் ஒன்றும் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். 2020 மார்ச் 16 வரை வந்த 243 பேரின் கதையை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஏழு குழுமங்களில் அறிகுறி தெரியுமுன்பே நோய் பரவியதைக் கண்டார்கள். அதில் ஒன்று ஒரு தேவாலயம். ஜனவரி 19-ஆம் தேதி ஊஹானிலிருந்து வந்த இருவர் அன்றே வழிபாட்டுக்குப் போனார்கள். அப்போது அவர்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதே நாள் பிற்பாடு அங்கே வந்த ஒரு பெண்மணிக்குப் பின்னால் நோய் வந்தது. அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தபோது, அவர்கள் எழுந்துபோன அதே இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

யாரோ ஒருவர் அந்தப் பதிவைப் பொறுமையாக மணிக்கணக்கில் பார்த்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

இதே தேவாலயத்துக்கும் இன்னொரு தேவாலயக் குழுமத்துக்கும் இடையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. ஜனவரி 25, சீனப் புத்தாண்டு விருந்து ஒன்றில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து சாப்பிட்டதை விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்ணியாக இருந்திருக்க வேண்டிய தம்பதி அதற்குள் குணமாகிவிட்டார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புதிதாக உருவாக்கிய எதிர்ப்புப் பொருள் சோதனையில் அவர்கள் ரத்தம் உண்மையைச் சொன்னது. தொடர்பு கண்டுபிடிக்க அந்தச் சோதனையை இப்படிப் பயன்படுத்தியது உலகிலேயே முதல்முறை என்றார்கள். ஆனால் யாருடைய ரத்தத்தைப் பார்ப்பது என்று காட்டியது, அந்த விருந்தில் யாரெல்லாம் இருந்தீர்கள் என்ற கேள்விதான்.

நான்காம் நாள், செவ்வாய், கேலாங் சிராய்

காலையிலிருந்து மழை. மத்தியானம் விட்டதும் மருமகளோடு கேலாங் சிராய்ச் சந்தை. 2009 ஏப்ரலில் இங்கிருந்த தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150 பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கடல் மீனில் இருக்கும் விப்ரியோ கிருமி. பச்சை மீனிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். காதுகுத்து விருந்திலும் கோயில் அன்னதானத்திலும் நான் எத்தனையோ முறை பார்த்தது இது. ஒரே கத்தி, ஒரே பலகை, ஒரே கைத்துண்டு. ரோஜாக் ஒரு தட்டு வாங்கினோம். சூடாகப் பொரித்து, வேறு பலகையில் வெட்டி, சிவப்புக் குழம்போடு கொடுத்தார் கடைக்கார பாய். நன்றாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே மருமகளுக்கு நிப்பா என்ற கிருமியின் கதையைச் சொன்னேன். 1998 கடைசியில் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல். முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. அந்த நோய் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள். கொசு ஆளின் தொழிலைப் பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதே மாதம் சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்த 11 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார். மலேசியாவில் இறந்தவர்கள் 105 பேர்.

மருமகள் கேட்டாள்: "அப்போ என்ன வேலைன்னு முதல்லயே கேட்டிருந்தா?"

கேட்டிருப்பார்கள். படிவத்தில் எழுதியும் இருப்பார்கள். எழுதியதை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்குத்தான் நேரம் பிடித்திருக்கும் என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள், புதன், செயிண்ட் ஜான்ஸ் தீவு

இது தாத்தாவுக்காக. மரினா சவுத் படகுத்துறையிலிருந்து படகு. தங்கச்சியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். இறங்கினால் அமைதி. மரங்கள், குட்டிக் கடற்கரை, எங்கு பார்த்தாலும் பூனைகள், எதிரே நகரத்துக் கட்டடங்கள், இடையில் வரிசையாகக் கப்பல்கள்.

1873-இல் சிங்கப்பூரில் காலரா. அடுத்த வருஷம் இந்தத் தீவில் தடைக்காப்பு (குவாரண்டைன்) நிலையம் திறந்தார்கள். நூறு வருஷம், கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுமுன் இங்கே இறக்கிச் சோதித்தார்கள். சீனாவிலிருந்து வந்தவர்கள், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் ஆட்கள். எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் மேல்தளத்துப் பயணியாக வந்தவர். இந்தத் தீவின் பெயர் அவருக்குத் தெரியாது. "கொரண்டி" என்பார். கொரண்டியில் போட்டார்கள், துணியெல்லாம் ஆவியில் வேகவைத்தார்கள், மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். ஒரே பாயில் படுத்து வந்த கூட்டாளி ஒருவருக்குக் காய்ச்சல். அவரை வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தாத்தா அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்கினார், பார்த்த ஊர்க்காரர்களிடமெல்லாம் விசாரித்தார். சாகும்வரை சொல்வார்: "அவன் எங்க போனான்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் அவனும் ஒண்ணாத்தான் வந்தோம், என்னையும் யாரும் ஒண்ணும் கேக்கல."

தமிழில் கேட்க அங்கே ஆள் இருந்திருக்காது. பழைய கட்டடங்கள் பக்கம் நடந்தோம். ஒரு சுவரோரம் தங்கச்சி நின்று சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தாள். தாத்தா படுத்த இடம் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கொண்டுவந்திருந்த கட்டுச்சோற்றை ஆலமர நிழலில் பிரித்து, அவர் பெயரைச் சொல்லி ஒரு பிடி இலையில் வைத்தோம். ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து தயிர்ச்சோற்றை நக்கிவிட்டுப் போனது.

திரும்பும் படகில் போன் அடித்தது. ஊரிலிருந்து, என்னிடம் பயிற்சியில் இருக்கும் தம்பி. "சார், மேலத்தெருவுல ரெண்டு, காலனியில ஒண்ணு, மூணு ஃபீவர் கேஸ். அட்ரஸ் எல்லாம் எழுதிட்டேன், நாளைக்கு மஸ்தூர அனுப்பவா?"

"அனுப்பு. ஆனா அதுக்கு முன்னாடி நீயே மூணு வீட்டுக்கும் போ. முதல்ல சாப்பிட்டாங்களான்னு கேளு. உக்காரு. அப்புறம் பகல்ல எங்க இருப்பாங்க, யாரோட இருப்பாங்கன்னு கேளு."

ஒரு மணி நேரம் கழித்து ஈசூன் ரயிலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்தது: மூன்று பேரும் ஒரே அரிசி ஆலையில் வேலை. ஆலைக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடக்கின்றனவாம். படமும் அனுப்பியிருந்தான். டயருக்குள் தண்ணீர் பளபளத்தது.

நாளைக் காலை திருச்சி விமானம்.